மானைப் பார்க்கப் போனேன்... என் காலைப் பார்த்தேன்!

"டாக்டர், ஒரு கேள்வி. நீங்க தினமும் நடக்கிறீங்களா?"

தஞ்சாவூரில் என் மருத்துவமனைக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வருகிற ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர், சென்ற ஆண்டு கார்த்திகையில் கேட்ட கேள்வி இது. வேதாரண்யம் பக்கத்துக்காரர். வயது 68. மூட்டு வலிக்காக என்னிடம் வர ஆரம்பித்தவர்.

"ஓ... தினமும் ஐந்து மணிக்கெல்லாம் கிளம்பிடுவேன் சார்!" என்றேன், கொஞ்சமும் யோசிக்காமல்.

அது சுத்தப் பொய்.

எனக்கு வயது 56. பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் படித்து முடித்ததிலிருந்து நாற்காலிதான் வாழ்க்கை. காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்தால் இரவு ஒன்பதுக்குத்தான் எழுந்திருப்பேன். வருகிற சர்க்கரை நோயாளி ஒவ்வொருவரிடமும் "முக்கால் மணி நேரம் நடந்தே ஆகணும்" என்று கண்டிப்பாகச் சொல்வேன். எனக்கே நான்கு வருடமாகச் சர்க்கரை இருப்பதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. ஊருக்குத்தானே உபதேசம்!

ஆசிரியர் விடவில்லை. "அப்படின்னா தை மாசம் கோடியக்கரைக்கு வாங்க. சேர்ந்து நடப்போம். அம்மாவையும் அழைச்சுக்கிட்டு வாங்க" என்றார். மறுக்க வழியில்லை. அவசர அவசரமாக ஒரு ஜோடி கேன்வாஸ் ஷூ வாங்கிக்கொண்டு, நானும் என் மனைவியும் பஸ் ஏறினோம்.

உப்பு வயலும் ஒரு கணக்கும்

வேதாரண்யத்திலிருந்து தெற்கே பத்துப் பதினோரு கிலோமீட்டரில் கோடியக்கரை. வங்காள விரிகுடாவை ஒட்டியே வந்த நம் கடற்கரை இங்கேதான் முழங்கையை மடக்கினாற்போலத் திரும்புகிறது. கிழக்கே வங்கக் கடல், தெற்கே பாக் நீரிணை. 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்கு இந்த இடத்தை அறிமுகப்படுத்தவே வேண்டாம்.

வழியெல்லாம் உப்பளங்கள். 1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் தொண்டர்கள் திருச்சியிலிருந்து நடந்தே வந்து உப்பு அள்ளியது இந்த மண்ணில்தான். ஏறக்குறைய 150 மைல், சித்திரை வெயிலில்! அப்போது ராஜாஜிக்கு வயது 51. பஸ் ஸீட்டில் சாய்ந்தபடி அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

குவித்து வைத்திருந்த உப்பைப் பார்த்ததும் என் மனைவி, "இதுல நமக்கு ஒரு நாளைக்கு எவ்வளவுங்க வேணும்?" என்று கேட்டாள். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் குறைவு. ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு!

புல்வெளியில் கறுப்பு ராஜா

மறுநாள் காலை ஆறரை மணி. வனத்துறைச் சாவடியில் அனுமதி பெற்று, ஒரு வழிகாட்டித் தம்பியுடன் கிளம்பினோம். முன்பனிக் காலம். புல் நுனியெல்லாம் ஈரம்.

"அதோ பாருங்க!" என்று முதலில் கண்டுபிடித்தது என் மனைவிதான்.

வெளிமான்கள். புல்வாய், இரலை என்றெல்லாம் நம் முன்னோர் சொன்ன மான் இதுதான். இருபது, இருபத்தைந்து இருக்கும். பெண் மான்களும் குட்டிகளும் வெளிர் பழுப்பு. பெண்ணுக்குக் கொம்பு கிடையாது. நடுவில் ஒரே ஒரு ஆண், மேலே கரும்பழுப்பும் வயிற்றில் வெள்ளையுமாக, திருகு திருகான நீண்ட கொம்புகளோடு நின்றது. ஆணுக்கு வயது ஏற ஏறத்தான் இந்தக் கறுப்பு வரும். நம்மைப் போல நரைப்பதில்லை!

1967-ல் இந்த இடத்தைச் சரணாலயமாக அறிவித்ததே முக்கியமாக இந்த மான்களைக் காப்பாற்றத்தான். திறந்த புல்வெளிதான் இவற்றுக்கு உயிர். தூரத்திலேயே ஆபத்தைப் பார்த்துவிட்டு ஓடித் தப்பிக்கிற பிராணி இது. அந்தப் புல்வெளியைத்தான் சீமைக்கருவேலம் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது. புதர் மண்டினால் மானுக்குப் பார்வையும் போச்சு, ஓட்டமும் போச்சு, மேய்ச்சலும் போச்சு.

"2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சுதே, அப்ப வந்து பார்த்திருக்கணும் டாக்டர்..." ஆசிரியரின் குரல் தாழ்ந்தது. "மான், குதிரை எல்லாம் செத்துக் கிடந்தது. காட்டில பாதி மரம் முறிஞ்சு போச்சு. என் வீட்டுக் கூரையும் போச்சு, கொல்லையில இருந்த மாமரமும் போச்சு. அடுத்த வருஷமே வீட்டுக்காரியும் போய்ட்டா. ஒரு வருஷம் நான் திண்ணையை விட்டே எழுந்திருக்கலை."

"அப்புறம் எப்படி சார்?"

"ஆஸ்பத்திரியில நடக்கச் சொன்னாங்க. சும்மா நடக்க எனக்குப் பிடிக்கலை. இந்த ரோட்டோரமா வந்து மானை எண்ண ஆரம்பிச்சேன். இன்னிக்கு எத்தனை, நேத்து எத்தனைன்னு ஒரு நோட்டுல எழுதுவேன். எண்ணணும்னே கால் தானா வர ஆரம்பிச்சுது."

இதை நான் அடிக்கோடிட்டுச் சொல்ல விரும்புகிறேன். 'நட' என்று மட்டும் சொன்னால் பலருக்குக் கால் எழுவதில்லை. பார்க்க ஒன்று இருந்தால் கால் தானாக நடக்கும். இத்தனை வருடம் நோயாளிகளுக்கு நடையை எழுதிக் கொடுத்த நான், எதைப் பார்த்து நடப்பது என்று ஒருவருக்கும் எழுதிக் கொடுத்ததில்லை.

உயிரோடு ஒரு குணபாடம்

புல்வெளியைத் தாண்டினால் காடு. மலைக்காடு போல உயரமாக இருக்காது. கடற்காற்றுக்குத் தலை குனிந்த, அடர்ந்த, எப்போதும் பச்சையாக இருக்கும் குட்டைக் காடு. இந்த வகைக் காடு நம் கிழக்குக் கரையில் அங்கங்கே துண்டு துண்டாகத்தான் மிஞ்சியிருக்கிறது.

கல்லூரியில் குணபாடம் படித்தபோது பல மூலிகைகளைக் காய்ந்த குச்சியாகவும் காகிதத்தில் ஒட்டிய இலையாகவும்தான் பார்த்தேன். இங்கே அவை உயிரோடு நின்றன.

பாலை மரம் பார்த்தேன். சப்போட்டாவுக்குச் சொந்தக்கார மரம். கோடையில் சின்னச் சின்ன மஞ்சள் பழம் தரும். உகா மரத்தைப் பார்த்தேன். அரபு நாட்டுக்காரர்கள் பல் துலக்கும் 'மிஸ்வாக்' குச்சி இந்த மரத்திலிருந்து வருவதுதான். கணுவுக்கு நான்கு முள்ளோடு சங்கஞ்செடி நின்றது. சளி, இருமலுக்கு நாங்கள் பயன்படுத்துகிற மூலிகை. வேலியோரத்தில் தூதுவளையும், மரத்தில் ஏறிய பிரண்டையும் பழைய நண்பர்களைப் போலத் தெரிந்தன.

கை தானாக ஒரு கிளையை நோக்கி நீண்டது. வழிகாட்டித் தம்பி மெதுவாகச் சொன்னார்: "சார், இங்க ஒரு இலைகூடப் பறிக்கக் கூடாது."

சரிதானே! சரணாலயத்தில் ஒரு செடியைப் பறிப்பதும் சட்டப்படி குற்றம். மருந்துக்கு வேண்டுமென்றால் தோட்டத்தில் வளர்த்துக்கொள்ளலாம். காட்டை மொட்டையடித்துத்தான் நோயைத் தீர்க்க வேண்டும் என்று எந்தச் சித்தரும் சொல்லவில்லை.

வெடித்த காய்க்குள்ளிருந்து சிவப்பும் கறுப்புமாகக் குன்றிமணி எட்டிப் பார்த்தது. பிள்ளைகளோடு போகிற தாய்மார்கள் இதை அவசியம் கவனியுங்கள். பார்க்க அழகு, உள்ளே கொடிய விஷம். முறைப்படி சுத்தி செய்யாமல் எந்தச் சித்த மருத்துவரும் இதை மருந்தில் சேர்ப்பதில்லை. குழந்தை மென்று விழுங்கிவிட்டால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

தலைக்கு மேலே ஒரு விசில் சத்தம். இலைச் சருகில் தத்தித் தத்தி ஒரு குண்டுப் பறவை. பச்சை முதுகு, மஞ்சள் கலந்த பழுப்பு மார்பு, வாலடியில் சிவப்பு. "ஆறுமணிக் குருவி!" என்றார் ஆசிரியர். விடியலிலும் அந்தியிலும் ஆறு மணி வாக்கில் கூவுவதால் அந்தப் பெயராம். குளிர்காலத்தில் வடக்கேயிருந்து இங்கே வருகிற விருந்தாளி. பறந்து வந்த களைப்போ என்னவோ, எங்களைக் கண்டுகொள்ளாமல் சருகைக் கிளறிக்கொண்டிருந்தது.

இந்தக் காட்டிலேயே உயரமான இடம் ராமர் பாதம் என்ற மணல் மேடு. மேலே ஏறினால் காடும் சதுப்பும் பச்சைப் பாய் போல விரிகின்றன. படியில் குரங்குகள் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. எங்கள் முன்னே ஒரு குடும்பம் பிஸ்கெட் பாக்கெட்டைப் பிரித்தது. ஒரே நொடி! பாக்கெட் குரங்கின் கையில், குழந்தையின் விரலில் ஒரு கீறல். நல்ல வேளை, பெரிய காயமில்லை. ஆனாலும் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவச் சொல்லி, வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட அனுப்பி வைத்தேன். காட்டுப் பிராணிக்குத் தீனி கொடுப்பது தர்மம் அல்ல. அதற்கும் கெடுதல், நமக்கும் கெடுதல்.

ஐந்து ஸ்பூன் சூரண எடையில் ஒரு உலகப் பயணி

மதியம் ஓய்வெடுத்துவிட்டு, நான்கு மணிக்குச் சதுப்புப் பக்கம் போனோம். தண்ணீர் கணுக்கால் அளவுதான். தூரத்தில் வெள்ளையாக ஒரு கோடு. தொலைநோக்கியை வைத்ததும் அந்தக் கோடு இளஞ்சிவப்பானது. பூநாரைகள்!

குச்சிக் கால்கள். வளைந்த அலகைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் விட்டு, சேற்றை வடிகட்டிச் சாப்பிடுகின்றன. பாசியிலும் சிறு இறாலிலும் உள்ள நிறமிதான் அந்தச் சிவப்புக்குக் காரணம். நாம் கேரட்டும் பப்பாளியும் சாப்பிடச் சொல்கிறோமே, அதே குடும்பத்து நிறமிதான். இன்னொரு விஷயம். உப்பு நீரிலேயே வாழும் இவற்றுக்குத் தலையில் தனிச் சுரப்பி உண்டு. மிச்ச உப்பை மூக்கு வழியாக வெளியேற்றிவிடும். நமக்கு அந்த வசதி இல்லை. எல்லாச் சுமையும் சிறுநீரகத்தின் மேல்தான்.

பூநாரையின் காலடியில் சிட்டுக்குருவி அளவில் நூற்றுக்கணக்கான பறவைகள் ஓடின. கொசு உள்ளான். எடை 20 முதல் 30 கிராம். என் கணக்கில் ஐந்து ஸ்பூன் சூரணம்! சைபீரியாவின் வடகோடி போன்ற பனிப் பிரதேசங்களில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்குத் தப்பி இங்கே வந்து சேருகிறது. 2002-ல் கோடியக்கரையை ராம்சார் ஈரநிலமாக அறிவித்தார்கள். அந்த உலகப் பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து முதலில் இடம்பெற்றது இதுதான். இத்தனை தூரத்து விருந்தாளிகள் வருகிற சத்திரமாயிற்றே!

கிளம்புவதற்கு முன் இந்தப் பறவைகள் நன்றாகத் தின்று உடம்பில் கொழுப்பு ஏற்றிக்கொள்ளும். அந்தக் கொழுப்பை எரித்தே கடலும் மலையும் தாண்டும். கொழுப்பு என்பதே பயணத்துக்கான கட்டுச்சோறு. நாமும் கட்டுச்சோறு கட்டிக்கொண்டே இருக்கிறோம். பயணம்தான் புறப்படுவதில்லை!

மணலில் ஒரு சிவப்புத் துளி

கடைசியாகக் கடற்கரை. மணி ஐந்தரை. வெயில் முதுகுப்பக்கம் தாழ்ந்திருந்தது. கரையில் அடம்பங்கொடி ஆட்டுக் குளம்பு போன்ற இலையோடு படர்ந்து மணலை இறுக்கிப் பிடித்திருந்தது. அதையடுத்து இராவணன் மீசைப் புல். ஈர மணலில் பொடி நண்டுகள் உருட்டிப் போட்ட மணல் உருண்டைகள் புள்ளிக் கோலம் போலக் கிடந்தன. காலடிச் சத்தம் கேட்டதும் பெரிய நண்டுகள் பக்கவாட்டில் பாய்ந்து வளைக்குள் மறைந்தன. ஆலாக்கள் அலைமேல் செங்குத்தாக விழுந்து மீனோடு எழுந்தன. தெற்கே, சோழர் காலத்தது என்று சொல்லப்பட்ட பழைய கலங்கரை விளக்கத்தின் மிச்சத்தை 2004 சுனாமி சாய்த்துவிட்டது என்று தம்பி கைகாட்டினார்.

ஒரு பங்குனி ஆமை இறந்து ஒதுங்கியிருந்தது. தையிலிருந்து பங்குனி வரை இந்தக் கரைகளில் முட்டையிட வருகிற ஆமை. ஒரு குழியில் நூறு முட்டை வரை இடும். மூச்சு விடத் தண்ணீருக்கு மேலே வர வேண்டிய பிராணி. இழுவலையில் மாட்டினால் மூழ்கியே செத்துப்போகும். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் இப்படி நூற்றுக்கணக்கில் ஒதுங்கினவே, நினைவிருக்கிறதா? வனத்துறையினர் முட்டைகளை எடுத்துக் காப்பகத்தில் பொரிக்க வைத்துக் குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். மனம் கனத்துத்தான் அங்கிருந்து நகர்ந்தோம்.

ஷூவுக்குள் மணல் போய் உறுத்தியது. கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். 'மண்ணில் வெறுங்காலோடு நடந்தால் உடம்புக்கு நல்லது' என்று நானே எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்! கொசு உள்ளான் கூட்டம் ஒன்று அலை போகும்போது கூடவே ஓடி, அலை வரும்போது திரும்பி ஓடி வந்தது. அதையே பார்த்துக்கொண்டு நடந்தேன்.

"என்னங்க... நில்லுங்க! கால்ல ரத்தம்!"

மனைவியின் குரல் கேட்டுத் திரும்பினேன். ஈர மணலில் என் காலடித் தடம். இடது காலின் ஒவ்வொரு தடத்திலும் ஒரு சிவப்புத் துளி. பத்துப் பதினைந்து தடங்கள். உட்கார்ந்து பாதத்தைத் திருப்பிப் பார்த்தால், கட்டை விரலுக்குக் கீழே ஒரு சிப்பி ஓடு பாதி புதைந்திருந்தது.

"வலிக்கலையா?" என்றாள்.

எனக்கு வலிக்கவே இல்லை.

அந்தச் சில வினாடிகளை நான் மறக்க முடியாது. வலி இல்லை என்பது நல்ல செய்தி அல்ல என்று எத்தனை நோயாளிகளுக்கு விளக்கியிருக்கிறேன்! சர்க்கரை ஏற ஏற, காலின் நரம்புகள் சத்தமில்லாமல் மரத்துப் போகும். முள் குத்தினாலும் தெரியாது. தெரியாத காயம் புண்ணாகும், புண் அழுகும். எங்கே போய் முடியும் என்பதும் எனக்குத் தெரியும்.

குடிதண்ணீரில் கழுவி, ஆசிரியரின் சுத்தமான கைக்குட்டையால் கட்டி, ஆட்டோவில் வேதாரண்யத்துக்கு விரைந்தோம். ஓட்டை எடுத்துக் காயத்தைச் சுத்தம் செய்து டெட்டனஸ் ஊசியும் போட்டார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்தபோது ஆசிரியரிடம் சொல்லிவிட்டேன்.

"சார், அன்னிக்கு நான் பொய் சொன்னேன். நான் நடக்கிறதே இல்லை. எனக்குச் சர்க்கரையும் இருக்கு."

அவர் சிரித்தார். "காலையில உங்க ஷூவைப் பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு டாக்டர். தினம் நடக்கிறவர் ஷூ இவ்வளவு புதுசாவா இருக்கும்?"

ஊர் திரும்பி...

நாற்காலியில் உட்கார்ந்து சமாளிக்கும் விஷயமில்லை என்று புரிந்தது. ஊர் வந்ததும் சர்க்கரை நோய் நிபுணரிடம் நோயாளியாகப் போனேன். மூன்று மாதச் சராசரி (ஹெச்பிஏ1சி) 8.6. மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்த்ததில் சில இடங்களில் தொடுவதே தெரியவில்லை. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டேன். என் மூலிகை மருந்துகளையும் அவரிடம் மறைக்காமல் சொன்னேன். இரண்டு வைத்தியமும் எடுத்துக்கொள்கிறவர்கள் இரண்டு மருத்துவரிடமும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். சேர்த்துச் சாப்பிட்டு சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழுகிறவர்கள் உண்டு.

காயம் ஆறிய பிறகு நடக்க ஆரம்பித்தேன். சிவகங்கைப் பூங்காப் பக்கம் தினமும் நாற்பது நிமிடம். கையில் சின்ன நோட்டு. இன்றைக்கு மீன்கொத்தி ஒன்று, செம்பருந்து இரண்டு, மைனா எண்ண முடியவில்லை! ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது சராசரி 7.1. மரத்துப் போன உணர்வு முழுதாகத் திரும்பவில்லை, அது சுலபமும் இல்லை. ஆனால் மேலே பரவவில்லை. தினமும் இரவு என் மனைவி என் பாதத்தைப் பார்த்த பிறகுதான் விளக்கணைக்கிறாள்.

கடற்கரை நடைக்குப் போகிறீர்களா?

* சர்க்கரை உள்ளவர்கள் வெறுங்காலோடு மணலில் நடக்கவே கூடாது. போட்டுப் பழகிய, மூடிய காலணி அணியுங்கள். திரும்பியதும் பாதத்தையும் விரலிடுக்குகளையும் பாருங்கள்.

* காய்ந்த மணலில் நடக்க, தரையில் நடப்பதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் சக்தி செலவாகும். மூட்டு வலி, இதய நோய் உள்ளவர்கள் இறுகிய ஈர மணலில் மெதுவாக நடக்கலாம்.

* காலை ஒன்பதுக்குள், மாலை நான்குக்கு மேல் நடப்பது நல்லது. தொப்பியும் தண்ணீரும் அவசியம். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் இரண்டு இனிப்பு மிட்டாயையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

* கரை ஒதுங்கிய சொறி மீனைச் செத்தது என்று நினைத்துத் தொடாதீர்கள். பட்டுவிட்டால் தேய்க்காமல் கடல் நீராலேயே கழுவிவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

* பாம்பு கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது, பச்சிலை தேடுவது எதுவும் வேண்டாம். காலை அசைக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். சித்த மருத்துவனான நானே சொல்கிறேன், விஷமுறிவு ஊசி அங்கேதான் இருக்கிறது.

* கோடியக்கரையில் பறவைகளைப் பார்க்க ஐப்பசி முதல் மாசி வரை நல்ல காலம். பிளாஸ்டிக்கைக் கொண்டு போகாதீர்கள். செடியையும் சிப்பியையும் எடுத்து வராதீர்கள்.

வருகிற தையில் மறுபடியும் போகிறோம். "இந்தத் தடவை ஷூவைக் காட்டுங்க டாக்டர், அப்புறம்தான் மானைக் காட்டுவேன்" என்கிறார் ஆசிரியர். காட்டலாம். அடிப்பாகம் நன்றாகத் தேய்ந்திருக்கிறது!